இடவல மாற்றம்

எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் நான் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி இன்னும் உறுத்துகிறது. கண்ணாடி இடவலத்தை மாற்றுவதில்லை, முன்பின்னைத்தான் மாற்றுகிறது என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். தப்பு என்றுவிட்டேன். மறுநாள் காலை சவரம் செய்யும்போது சோதித்தேன். கிழக்கே கை காட்டினால் பிம்பமும் கிழக்கேதான் காட்டியது. கண்ணாடியை நோக்கி விரல் நீட்டியபோதுதான் அது எதிர்த்திசையில், என்னை நோக்கி நீட்டியது. அவள் எழுதியதே சரி.

மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். விஷயம் கேள்விப்பட்டுக் கணக்கு டீச்சர் சமச்சீர்க் கோட்டோடு வந்தார், தமிழ் ஐயா சம்பந்தரின் மாலைமாற்றோடு. (பின்னாலிருந்து வாசித்தாலும் அதே பாட்டு; ஆனால் கண்ணாடியில் காட்டினால் எழுத்தே புரியாது. பிள்ளைகள் காட்டிப் பார்த்துவிட்டார்கள்.)

வகுப்பில் நான் நாராயண குருவைச் சொன்னேன். 1927இல் சேர்த்தலை அருகே களவங்கோடம் கோயிலில் சிலைக்குப் பதில் கண்ணாடியை நிறுவியவர். கும்பிடப் போனவர் தன்னையே பார்க்க வேண்டியதுதான்.

"அப்ப சாமியும் நம்மளப் பாத்துக் கும்பிடுமா சார்?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த நீட்டிய விரல்தான் ஞாபகம் வந்தது.