தேய்மானக் கணக்கு

2019 ஆகஸ்ட் 24. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகர ஸ்டேடியம். சீஸனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்களின் செல்போன்களில் செய்தி வருகிறது: ஆண்ட்ரூ லக் ஓய்வு! சம்பந்தப்பட்டவர் மைதான ஓரத்தில்தான் நிற்கிறார். ஆட்டம் முடிந்து அவர் உள்ளே நடந்தபோது, ஏழு வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே கூட்டம் ‘ஊ... ஊ...’ என்று கத்தியது.

அவருக்கு வயது 29.

லக் ஒரு க்வார்ட்டர்பேக். அமெரிக்க ஃபுட்பால் நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, கையால் எறிவார்கள். யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவர்தான் க்வார்ட்டர்பேக். அவர் யோசிக்கிற ரெண்டு மூணு விநாடிக்குள், நூறு கிலோவைத் தாண்டிய ஆசாமிகள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். வாரம் ஓர் ஆட்டம். அப்போது சீஸனுக்கு 16, 2021-லிருந்து 17. ‘தோள் தாங்குமா, சீஸன் முழுக்க வருவாரா?’ என்பது ரசிகர்களின் நிரந்தரக் கவலை.

கவலை சரி... யாருக்காக? அவருக்காகவா, நமக்காகவா?

லக் தாங்கித்தான் பார்த்தார். 2015-ல் சிறுநீரகத்தில் கிழிசல். அப்புறம் தோளில் ஆபரேஷன். 2017 சீஸன் முழுக்க ஆடவில்லை. 2018-ல் திரும்பி வந்து அசத்தினார். 2019-ல் காலில் வலி. காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம்... இதில் ஆட்டத்தின் சந்தோஷமே போய்விட்டது என்று கலங்கிய கண்களோடு சொன்னார்.

கத்தியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சீஸன் தொடங்க ரெண்டே வாரம். டிக்கெட் வாங்கியாச்சு. சக ஆட்டக்காரர்கள் அவரை நம்பியிருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் தர்மம்தானே? தர்மம்தான். ஆனால், சொல் கொடுத்தபோது இருந்த உடம்பு இப்போது இல்லையே!

நான் பி.காம். படித்தவன். மெஷின் தேய்ந்தால் முதலாளியின் கணக்கில் தேய்மானம் எழுதுவோம். மனுஷன் தேய்ந்தால்? லாபம் அணிக்கு, குதூகலம் கேலரிக்கு, தேய்மானம் மட்டும் அவர் தோளுக்கு. ‘கோடி கோடியாகச் சம்பளம் வாங்கினாரே’ என்பீர்கள். வாங்கினார். ஒப்பந்தத்தின் மீதிப் பணத்தை விட்டுவிட்டும் போனார். முன்பணமாகக் கொடுத்ததில் சுமார் 2.48 கோடி டாலரை அணி திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலாளிக்குப் புரிந்தது கேலரிக்குப் புரியவில்லை!

பிரெட் ஃபாவ்ர் என்று இன்னொரு க்வார்ட்டர்பேக். 1992-லிருந்து 2010 வரை, ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 297. இரும்பு மனிதர் என்றார்கள். இடையில் 1996-ல், வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குப் போனார். 297 நமக்கு ஞாபகம் இருக்கிறது. மாத்திரை?

தாங்குவது பெரிய குணம், தானாக விரும்பித் தாங்குகிறவரை. அடுத்தவர் தாங்கியே தீரவேண்டும் என்று நாம் கேட்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர் குணமில்லை, வசூல்.

ஜுரத்தோடு ஆபீஸ் வந்தவரைப் பார்த்து ‘அடடா, என்ன டெடிகேஷன்!’ என்று நாம் பாராட்டியிருக்கிறோம். அடுத்த முறை பாராட்டும் முன் ஒரு விநாடி யோசியுங்கள்... அந்த ஜுரத்தில் மிச்சமானது யார் வேலை?