காப்பாளர் அல்ல, பிதா!

தியானப் பகுதி: கலாத்தியர் 4:1-7



மும்பை அணுசக்தி நகரில் அணுசக்தித் துறை ஊழியர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே குடியிருக்க ஒரு பிள்ளை எந்தத் தேர்வும் எழுதவில்லை. தகப்பனின் பெயரால் அதற்கு வீடு கிடைத்தது. ஆனாலும் தகப்பன் ஓய்வு பெறும்போது குடும்பம் அந்தக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். பரம பிதாவின் வீடு அப்படிப்பட்டதல்ல. அடிமை வீட்டில் நிலைத்திருப்பதில்லை, குமாரனோ என்றைக்கும் நிலைத்திருக்கிறான் என்று ஆண்டவர் போதித்தார் (யோவான் 8:35).

தேவனுடைய பிள்ளையாவது எப்படி? இயேசுவை விசுவாசித்து ஏற்றுக்கொள்கிறவர்களுக்குத் தேவன் அந்த அதிகாரத்தை அளிக்கிறார் (யோவான் 1:12). அது குலத்தாலோ, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்ததாலோ வருவதன்று. பவுல் அப்போஸ்தலன் இதைப் புத்திரசுவிகாரம் என்று அழைக்கிறார்.

இந்தச் சொல்லின் ஆழத்தை நம் தேசத்தின் சட்ட வரலாறே விளக்குகிறது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு உரியது. கிறிஸ்தவத் தம்பதியர் ஆதரவற்ற ஒரு குழந்தையை வளர்க்க விரும்பினால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது. அதன்படி அவர்கள் காப்பாளர் மட்டுமே. குழந்தை உரிய வயதை எட்டியதும் அந்தச் சட்ட உறவு முடிந்துவிடும். வாரிசுரிமையும் அதனால் வராது. எவ்வளவு நேசித்து வளர்த்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் தாயும் தகப்பனும் அல்லர்! 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த நிலையை மாற்றின. எம்மதத்தினரும் அச்சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இன்று முழு உரிமையுள்ள பிள்ளை.

பிரியமானவர்களே, விசுவாசிகளில் அநேகர் தேவனைப் பிதாவாக அல்ல, காப்பாளராகவே எண்ணி வாழ்கிறார்கள். தவறு செய்தால் உறவு முறிந்துவிடும், ஊழியத்தில் குறைவு வந்தால் தள்ளிவிடுவார் என்று அஞ்சுகிறார்கள். காப்பாளரின் கீழிருந்த காலம் முடிந்தது, இனி அடிமையல்ல, சுதந்தரவாளி என்று பவுல் எழுதுகிறார். சிலுவையில் சிந்தப்பட்ட இரத்தமே இந்தச் சுவிகாரத்தின் கிரயம். ஆவியானவர் நம் உள்ளத்தில் "அப்பா" என்று கூப்பிடச் செய்கிறார் (ரோமர் 8:15).

அப்படியானால் பாவம் செய்யலாமா? கூடாது. பிள்ளையாயிருப்பதால்தான் பிதா நம்மைச் சிட்சிக்கிறார் (எபிரெயர் 12:7). சிட்சிப்பது திருத்துவதற்கே, வீட்டைவிட்டுத் துரத்துவதற்கல்ல. கெட்ட குமாரனை ஓடிச்சென்று தழுவிய தகப்பன், அவனைக் கூலிக்காரனாக அல்ல, மகனாகவே ஏற்றுக்கொண்டார்.

ஒரே பிதாவுக்குப் பிள்ளைகளானால் நாம் ஒருவருக்கொருவர் சகோதரர். தாராவியின் சிறிய அறையில் முழங்காற்படியிடும் தொழிலாளிக்கும், அணுசக்தி நகரில் ஜெபிக்கும் விஞ்ஞானிக்கும் சுதந்தரம் ஒன்றே. திருச்சபையில் சாதியையும் பதவியையும் பார்த்து இருக்கை அளிப்பவர் தம் பிதாவின் வீட்டையே மறந்தவர். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது மாசற்ற பக்தி என்று யாக்கோபு கூறுவதும் (1:27) இதனாலேயே. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களே பிறரைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் இந்தப் பிதாவை அறியாத கிராமங்கள் நம் தேசத்தில் உண்டு. அவருடைய வீட்டில் இன்னும் இடம் உண்டு என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஜெபம்: பிதாவே, அடிமையின் பயத்தை எங்களை விட்டு நீக்கும். உமது பிள்ளைகளாக வாழவும், உம்மை அறியாதோரை உம் வீட்டிற்கு அழைக்கவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.