சங்கிலியை அவிழ்த்துக் கையில் பிடி!

“எங்க ஏரியாவில் பார்க் இல்லை, மலை இல்லை, காடு இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு எங்கே நடப்பது?”

இதுதானே உன் சாக்கு?

வாசலில் கட்டிக் கிடக்கிறதே ஒரு ஜீவன், அது என்றைக்காவது உன்னிடம் பார்க் கேட்டதா? சங்கிலியைத் தொட்டாலே துள்ளிக் குதிக்கிறதே! அந்த ஆவலில் கால்வாசி உன்னிடம் உண்டா?

ராயபுரமா? திருவொற்றியூரா? கிழக்கே திரும்பு. கடல் இருக்கிறது!

திருவொற்றியூரில் புறப்படு. எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டு. எண்ணூர் முகத்துவாரம் வரை போ. ஒரே நாளில் முடியாதா? முதல் நாள் எர்ணாவூரோடு திரும்பு. உன்னை யார் கேட்கப் போகிறார்கள்?

கன்டெய்னர் லாரி பயமா? நீ ரோட்டுப் பக்கம் நட. நாயைக் கடல் பக்கம் பிடி. முடிந்தது!

வெயிலா? புறங்கையைத் தார்ச்சாலையில் வை. ஐந்து விநாடி தாங்குகிறதா? உன் கை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. அப்படியென்றால் விடியும் முன்னே எழு! வெயிலைத் திட்டி என்ன பயன்?

ஷூ இல்லையா? நீ போய் நிற்கப்போகும் முகத்துவாரத்துக்கு வருவது கொசஸ்தலை ஆறு. அதன் படுகையில்தான் அதிரம்பாக்கம். அங்கே கிடைத்த கற்கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு! ஷூ போட்டா நடந்தார்கள் அவற்றைச் செய்தவர்கள்?

தெருமுனையில் நாலு நாய் குரைக்குமே என்கிறாயா? குரைக்கட்டும்!

ஓடாதே. ஓடினால் துரத்தும். நில். சங்கிலியைக் குட்டையாகப் பிடி. முறைக்காதே, கத்தாதே. மெல்ல ஒதுங்கிப் போ.

எந்தப் பயமும் இப்படித்தான். முதுகைக் காட்டினால் துரத்தும். நின்றால் அடங்கும்!

ஆனால் ஒன்று. வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயா? மாநகராட்சி உரிமம் எடுத்தாயா? கழிமுகத் தண்ணீரில் நாயை இறக்காமல் இருப்பாயா? துணிச்சல் வேறு, அசட்டை வேறு.

“இது வெறும் நாட்டு நாய்தானே” என்று கூசுகிறாயா?

1960 ஆகஸ்ட் 19. சோவியத் யூனியன் இரண்டு நாய்களை விண்வெளிக்கு அனுப்பியது. பெல்கா, ஸ்ட்ரெல்கா. ஒரு நாளுக்கும் மேல் பூமியைச் சுற்றின. உயிரோடு திரும்பின!

என்ன ஜாதி நாய்கள் தெரியுமா? மாஸ்கோ தெருநாய்கள்!

குளிரும் பசியும் பழகிய உடம்புதான் தாங்கும் என்று தெருவில் தேடிப் பிடித்தார்கள். சொகுசில் வளர்ந்ததைத் தேடவில்லை.

நீ எங்கே வளர்ந்தாய்? லாரிப் புழுதியில்! ஆலைச் சங்குக்கு எழுந்து, நைட் ஷிப்ட் முடித்து, பகலில் தூங்கிப் பழகிய வீட்டில்! அந்த உடம்பை வைத்துக்கொண்டா முடியாது என்கிறாய்?

2023 டிசம்பர். வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இதே கழிமுகத்தை மூடியது. படகு கறுத்தது. வலை கறுத்தது. மீனவர்கள் இறங்கி, கையாலேயே அள்ளினார்கள். அதோடு தொழிலை விட்டா போனார்கள்? மறுபடி வலையை எடுத்தார்கள்!

உனக்கு ஒரு நாள் கால் வலித்தால் போதும், நிறுத்திவிடுவாய். இல்லையா?

முதல் நாள் நாய் உன்னைத் தரதரவென்று இழுக்கும். தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். பார்க்கிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும்!

அது இழுக்கும்போதெல்லாம் நின்றுவிடு. சங்கிலி தளர்ந்தால் மட்டும் நட. மறுபடி இழுத்தால் மறுபடி நில். நூறு தடவை நிற்க வேண்டுமா? நூற்றியோராவது தடவை நட!

ஒருநாள் அது உன் காலோடு ஒட்டி நடக்கும். அன்றைக்குப் பழகியிருப்பது நாய் மட்டுமா? உன் சோம்பலும்தான்! உன் கோபமும்தான்!

நாலரைக்கு அலாரம் வை. அடித்ததும் எழு.

அதை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்தால், தோற்றது உன் ஊரா? நீயா?