அரசன் துரோகியாக முடியுமா?

1649 ஜனவரி 20 அன்று, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் மீது ராஜத்துரோக விசாரணை தொடங்கியது. சிக்கல் குற்றச்சாட்டிலேயே இருந்தது. 1351-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசனைக் கொல்ல நினைப்பதும் அவனை எதிர்த்துப் போர் தொடுப்பதும் ராஜத்துரோகம். அரசனே எப்படி ராஜத்துரோகி ஆவான்?

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜான் குக் பதவியையும் ஆளையும் பிரித்துக் காட்டினார். சட்டப்படி ஆளுவதற்காக வரம்புக்கு உட்பட்ட அதிகாரமே சார்லஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை வரம்பற்றதாக்க முயன்று அவர் மக்கள்மீதே போர் தொடுத்தார் என்பது வாதம். ஆதாரமில்லாத வாதமல்ல. 1629 முதல் 11 ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டவர் அவர். அதன் ஒப்புதலின்றிக் கப்பல் வரியும் வசூலித்தார். குற்றப்பத்திரிகையைப் படிக்க முற்பட்ட குக்கை நிறுத்தச் சார்லஸ் கைத்தடியால் தட்டியபோது அதன் வெள்ளிப் பூண் கழன்று விழுந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை. மன்னரே குனிந்து எடுத்தார்.

அரசர் கடவுளுக்கு மட்டுமே கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பது சார்லஸின் தந்தை முதலாம் ஜேம்ஸ் நூலாகவே எழுதிய கொள்கை. அதற்கு வேதாகமத்தில் இடமுண்டு: தன்னைக் கொல்லத் தேடிய அரசன் சவுல் தன் கையில் சிக்கியபோதும், கர்த்தர் அபிஷேகம் செய்தவர்மேல் கைபோடத் தாவீது மறுத்தான். சார்லஸை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றத் தளபதி கிராம்வெல்லின் படையினரும் அதே வேதாகமத்தைத்தான் பிரித்தார்கள். சிந்திய இரத்தத்தின் தீட்டு, சிந்தியவனின் இரத்தத்தாலன்றித் தேசத்தைவிட்டு நீங்காது என்கிறது எண்ணாகமம். அவர்கள் கண்ணில் சார்லஸ் இரத்தப்பழி சுமந்தவர்.

சார்லஸ் பதில்வாதம் செய்யவில்லை. எந்த அதிகாரத்தின் பேரில் தன்னை விசாரிக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிரபுக்கள் சபை இந்த விசாரணைக்கு இசையவில்லை; பொதுச் சபையில் ஒத்துவராதவர்களை முந்தைய மாதமே அந்தப் படை விரட்டியிருந்தது; நியமிக்கப்பட்ட 135 நடுவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விசாரணைப் பக்கம் வரவில்லை. சட்டத்தின் பின்பலமில்லாத சக்தி சட்டம் செய்யத் தொடங்கினால் எந்தக் குடிமகனின் உயிருக்கும் உடைமைக்கும் காப்பில்லை என்றார் அவர். சட்டத்தை வளைத்தே ஆண்டவர் வாயிலிருந்து வந்தாலும், அந்த மண்டபத்தில் பேசப்பட்ட வலுவான சட்ட வாதம் இதுவே. மக்களின் பெயரால் விசாரிக்கிறோம் என்பதைத் தாண்டி நீதிமன்றம் விடை சொல்லவில்லை.

59 பேர் கையெழுத்திட்ட ஆணைப்படி ஜனவரி 30 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 1660-இல் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும், குக்குக்கு ராஜத்துரோகக் குற்றத்தின் பேரிலேயே மரண தண்டனை கிடைத்தது.

தத்துவவாதி கான்ட் 1797-இல் இந்த வழக்கை எடுத்துக்கொண்டார். அரசனைக் கொலை செய்பவன் விதியை மீறுகிறான், அவ்வளவே. தீர்ப்பெழுதிக் கொல்பவர்களோ மீறுதலையே விதியாக்குகிறார்கள் என்பது அவர் கருத்து. ஆனால் வரம்பு மீறுவதை முதலில் விதியாக்கியது கப்பல் வரி வசூலித்த அரசனா, தீர்ப்பெழுதிய நீதிமன்றமா என்பதைக் கான்ட்டின் வாதம் கணக்கில் எடுக்கவில்லை.