கொடியவர் யார்?

ஆரணித் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்த இழையை நூற்ற புழுவை நினைத்துக்கொள்வேன்.

பட்டுப்புழுவை ஒரு வைரஸ் தாக்குவதுண்டு. 'பால்புழு நோய்' என்பார்கள். வைரஸ் உயிரா, சடமா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. அது புழுவின் உயிரணுக்களில் புகுந்து, அவற்றைக்கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. புழு உப்பி, தோல் கிழிந்து, பால்போன்ற நீர் வடிய மடிகிறது. வளர்த்தவனின் உழைப்பும் மண்ணாகிறது. 'கொடிய கிருமி!' என்கிறோம்.

சரி, நோயற்ற புழுவின் கதி? அந்துப்பூச்சி வெளிவந்தால் இழை அறுந்துவிடும் என்று, கூட்டுக்குள்ளேயே அதைச் சூட்டில் கொல்கிறோம்.

1985இல் ஜப்பானிய அறிஞர்கள் இதே வைரஸில் மனித மரபணு ஒன்றைச் சேர்த்து, பட்டுப்புழுவின் உடலிலேயே இன்டர்ஃபெரான் என்னும் மருந்துப்பொருளை விளைவித்தார்கள். கொடியது உதவியாளாகிவிட்டது!

வைரஸுக்குத் தன் செயல் தெரியாது. தெரிந்து செய்கிறவனிடம்தான் கொடுமை, கருணை என்ற பேச்சுக்கே இடமுண்டு. ஆரணிக்கு அருகே திருமலையில், கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமணரின் கோயில் இருக்கிறது. அதற்காகப் பட்டே வேண்டாமென்று சொல்லி நெசவாளியின் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை. ஆனால், முகூர்த்தத்துக்கு ஒன்று போதாமல் நான்கு வாங்கி, உடுத்தாமலே பீரோவில் அடுக்கிவைக்கிறோமே, அந்த மூன்றுக்கு நம்மால் என்ன சமாதானம் சொல்ல முடியும்?