பூச்சி படியாத வால்

1969 அக்டோபர். ஆஸ்திரியாவின் ஆஸ்டரைக்ரிங் பந்தயத் தடத்தில் போர்ஷே 917 காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்து நின்ற காரைச் சுற்றிப் பார்த்த பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார். மூக்கிலும் முன்கண்ணாடியிலும் சின்னஞ்சிறு பூச்சிகள் நசுங்கி அப்பிக் கிடந்தன. வால்பக்கத் தகடுகளோ துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன.

பூச்சி படாத இடத்தில் காற்றும் படவில்லை. காற்றே தொடாத தகடு பின்சக்கரங்களை எப்படித் தரையோடு அழுத்தும்?

ஒன்றை மெய்யென்று எதைக்கொண்டு அறிகிறோம் என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாசாரியார், அறியும் வழிகளாகப் பலரும் சொல்லும் அளவைகளை எண்ணிக் காட்டிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அவற்றை அடக்குகிறார். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். ஹார்ஸ்மனுக்குப் பூச்சி இல்லாததே புகையாயிற்று. இன்மையை அறிவதை ‘அபாவம்’ என்று தனி அளவையாகவே கொண்டவர்களும் உண்டு. அவர்கள் இந்தக் காரைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

மூன்றாவதான உரைதான் இங்கே உறுத்துகிறது. அருணந்தியின் சைவ சித்தாந்தத்தில் அது முதன்மையாக ஆகமத்தைக் குறித்தது. நம்பத்தக்கவர் சொல் என்ற பொது இலக்கணமும் அதற்கு உண்டு. 917 விஷயத்தில் அந்தச் சொல் பல மாதங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

ஃபெர்டினாண்ட் பீயெக் தலைமையில், ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த 4.5 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினோடு உருவான கார் அது. குறைந்தது 25 கார்கள் வேண்டும் என்றது விதி. 1969 ஏப்ரலில் இருபத்தைந்தையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். காற்றைக் கிழித்து வேகமாகப் போவதே வடிவமைப்பின் குறி. ஆனால் அதிவேகத்தில் கார் நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறது என்றார்கள் ஓட்டுநர்கள். நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு போர்ஷேயின் வழக்கமான ஓட்டுநர்கள் அதில் ஏறத் தயங்கியதால் வெளியாட்களை அழைக்க வேண்டியதாயிற்று. ஜூனில் லெ மான் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே, சொந்தமாக ஒரு 917 வாங்கி ஓட்டிய ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார். அதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களின் சொல்லுக்கு வரைபட மேசையில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. உயிரைப் பணயம் வைத்து அறிந்தவன் சொல்லைவிட நம்பத்தக்க சொல் எது?

ஆஸ்திரியாவில் அலுமினியத் தகட்டை வெட்டி, ஒட்டி, வாலை மேலே தூக்கிக் கட்டினார்கள். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. குட்டை வால் கொண்ட 917கே அப்படித்தான் பிறந்தது.

1970 ஜூனில், கொட்டும் மழையில், அந்தக் குட்டைவால் கார் லெ மானில் போர்ஷேயின் முதல் ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றது. ஹான்ஸ் ஹெர்மனோடு அதை ஓட்டியவர் ரிச்சர்ட் ஆட்வுட். முந்தின ஆண்டு அதே தடத்தில் நீள்வால் 917-ஐ ஓட்டி அவதிப்பட்டவர்களில் ஒருவர்.