காலியாக விட்ட கட்டம்

கத்தி வைப்பதற்கு முன் டாக்டர் போன் செய்தார். "வயித்துல குட்டி இருக்கும்மா. நாலு இருக்கலாம். செய்யவா, வேணாமா?"

காலையில் சாம்பியைக் கிளினிக்கில் விட்டபோது கருத்தடைக்கான பாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். கருவுற்றிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அவள் வயிறு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிந்தது. பிஸ்கட் தின்ற வயிறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது ஆபீஸ் படிக்கட்டில் நிற்கிறேன். லஞ்ச் முடிய பத்து நிமிடம். "செஞ்சிருங்க டாக்டர்" என்றேன்.

சாம்பி எங்கள் பட்டர்வொர்த் ப்ளாட்டின் மீட்டர் அறையில் வாழும் பூனை. யாருக்கும் சொந்தமில்லை. நான் சோறு போடுகிறேன், அவ்வளவுதான். சோறு போடுகிறவளுக்கு அவளுடைய கர்ப்பப்பை மேல் என்ன உரிமை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடத்து அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது.

பாசாரில் மீன் கடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஐந்து குட்டிகள். கண் திறக்கவில்லை, அப்படியென்றால் பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அந்த வயதுக் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகக்கூடத் தெரியாது. தாய் நக்கிவிட வேண்டும். தாய் இல்லாததால் நான் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் செத்துவிடும் என்று பால்மாவு வாங்கினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தால் அதைத்தான் அம்மா என்று அணைத்துக்கொண்டு தூங்கின. முதல் இரவு ஒன்று போனது. மூன்றாவது இரவு இரண்டு. ஒன்று என் உள்ளங்கையிலேயே வாயைத் திறந்து திறந்து மூடியது. அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. மிச்சம் இரண்டு பிழைத்தன, இப்போது பினாங்கில் ஒரு தோழி வீட்டில் சோபாவைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பழைய பாத்தேக் துணி விரித்திருந்தது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. வெறும் தரையில் வீசவில்லை. துணி விரித்து, வெயில் படாத இடமாகப் பார்த்து, மீன் கிடைக்கும் என்று நம்பி வைத்திருக்கிறார்கள். பல் முளைக்காத குட்டிக்கு மீன்! வைத்தவர் தன்னைக் கெட்டவராக நினைத்திருக்கவே மாட்டார்.

என் பாட்டியும் அப்படித்தான். சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பூனை குட்டி போட்டால், சித்தப்பாவிடம் கோணிப்பையைக் கொடுத்து, "பாசார் பக்கம் விட்டுட்டு வாடா, தண்ணியில கிண்ணியில போட்டுறாத, பாவம்" என்பார். விடுவது பாவமில்லை, கொல்வதுதான் பாவம். இந்தக் கணக்கை நாம் எல்லோரும் வைத்திருக்கிறோம். நம் கையில் ரத்தம் படாதவரை, பிறகு நடப்பது நாயும் லாரியும் மழையும் செய்த வேலை. குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசத்துக்கு ஏதாவது பொருள் உண்டா?

இல்லை என்று முடிவு செய்துதான் நான் 'செஞ்சிருங்க' என்றேன். அப்படித்தான் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம், சுமப்பது ஏறக்குறைய ஒன்பது வாரம், குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினைப்படலாம். நான்கு குட்டிகளைக் கணக்கிலிருந்து எடுத்தால் எத்தனை அட்டைப்பெட்டிகள் மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

கீழ் வீட்டு மக்சிக்குக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. சாம்பிக்கு அவரும் மீன் தலை போடுபவர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுங்க அவ பிள்ளைங்க இல்லையா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். டாம் ரீகன் 1983இல் வந்த தன் புத்தகத்தில் விலங்குரிமைக்காக வாதாடும்போது இதற்குப் பக்கத்தில்தான் வருகிறார்: ஒரு விலங்கு நன்மை தீமைகளை ஊற்றிக் கூட்டிக் கழிக்கும் பாத்திரம் அல்ல, பலருக்கு நல்லது என்று ஒன்றைப் பலியாக்க முடியாது. அவர் பேசுவது முதன்மையாக வளர்ந்த பாலூட்டிகளைப் பற்றி. பிறக்காத குட்டிக்கு அது பொருந்துமா என்று கேட்டுத் தப்பிக்க வழி உண்டு. நான் அந்த வழியில் போக விரும்பவில்லை.

புறாவுக்காகத் தராசில் ஏறிய செம்பியனைப் புறநானூறு சோழர்களின் முன்னோனாகப் புகழ்கிறது. பள்ளியில் படித்தபோது அதை வெறும் பெருந்தன்மையாகத்தான் பார்த்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. அங்கே பருந்துக்கும் பசி இருக்கிறது, இரண்டு நியாயங்கள் மோதுகின்றன, அவன் தன் உடம்பை வைத்து அதைத் தீர்க்கிறான். என் தராசில் ஏறியது சாம்பியின் உடம்பு. நான் கொடுத்தது ஆபரேஷன் செலவும் அரை நாள் லீவும்.

உண்மையைச் சொன்னால், அந்த நான்கையும் வளர்த்திருக்க முடியாது என்றில்லை. இந்த முறை தாய் இருந்தாள். சிரிஞ்சும் பஞ்சும் தேவைப்பட்டிருக்காது. இரண்டு மாதம் ஸ்டோர் ரூமைக் கொடுத்து, பிறகு வீடு தேடி, சாம்பிக்கு அப்புறம் கருத்தடை செய்திருக்கலாம். நாலுக்கும் வீடு கிடைத்திருக்குமா தெரியாது, ஆனால் தேடியிருக்கலாம். படிக்கட்டில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது கணக்கு அல்ல. உள்ளங்கையில் திறந்து மூடிய அந்த வாய். மறுபடி அதைப் பார்க்க என்னால் முடியாது என்றுதான் சொன்னேன். கருணை அதில் எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாட்டி தன் கையைக் காப்பாற்றிக்கொண்டார். நான் என் தூக்கத்தை.

சாம்பி காது நுனி வெட்டப்பட்டுத் திரும்பி வந்தாள். மூன்று வாரம் என் பக்கம் வரவில்லை. மக்சிக்கின் வாசலில்தான் சாப்பிட்டாள். இப்போது பழையபடி காலை உரசுகிறாள், கொஞ்சம் குண்டாகிவிட்டாள்.

போன வாரம் இன்னொரு பூனையைக் கொண்டுபோனேன். அதே பாரம், அதே கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். "அக்கா, பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். 'குட்டி இருந்தால் செய்ய வேண்டாம், போன் செய்யவும்' என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு ஸ்டோர் ரூமில் இருந்த பழைய மின்விசிறியையும் பெட்டிகளையும் வெளியே எடுத்து வைத்தேன். அது ஆண் பூனை என்று சாயங்காலம் போன் வந்தது.